தம்பிக்கு 45,000 ரூபாய்: லேபா, வாட்சா, ஊட்டியா?

கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். தம்பிக்கு 19 வயது. ஊர் கே.வி.குப்பம் பக்கம், படிப்பது காட்பாடியில். 5000 மீட்டரில் சிறந்த நேரம் 15 நிமிடம் 40 வினாடி, ஒரு வருடமாக அங்கேயே நிற்கிறது. அண்ணன் நீங்கள் 45,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். சென்னைக்குப் போய் விஓ2 மேக்ஸ் பரிசோதனை செய்வதா, ஜிபிஎஸ் வாட்ச் வாங்குவதா, கார்பன் தட்டு வைத்த ஷூ வாங்குவதா, ஒரு மாதம் ஊட்டியில் தங்கவைப்பதா என்று கேட்கிறீர்கள். உலகத் தரத்தில் ஓடுகிறவர்கள் எல்லாம் ஸ்போர்ட்ஸ் சயின்ஸ்படிதானே ஓடுகிறார்கள், நாமும் அங்கிருந்து ஆரம்பிக்கலாமே என்பது உங்கள் வாதம்.

வாதம் சரி, ஆரம்பிக்கும் இடம்தான் இடிக்கிறது. நான்கில் எதையும் இந்த மாதம் வாங்காதீர்கள். ஒரு நூறு பக்க நோட்டு, ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு ரத்தப் பரிசோதனை போதும். நான் உடற்பயிற்சி உடலியல் படித்தவன். பதினைந்து வருடத்துக்கு மேலாக வேலூர், ஆற்காடு, குடியாத்தம் பக்கத்துப் பிள்ளைகளோடு கிரவுண்டில் நிற்கிறேன். லேபிலும் வேலை பார்த்திருக்கிறேன், அதனால் லேப் மேல் வெறுப்பில் பேசுவதாக நினைக்க வேண்டாம்.

விஓ2 மேக்ஸ் என்பது முழு முயற்சியில் உடல் ஒரு நிமிடத்துக்கு அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவு. 1920களில் இங்கிலாந்தின் ஏ.வி.ஹில் ஆராய்ந்த விஷயம் இது. பயிற்சி இல்லாத இளைஞனுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 40 முதல் 45 மி.லி. இருக்கும். உச்சத்தில் ஓடும் ஆண்களுக்கு 70-க்கு மேல், சிலருக்கு 80-ஐயும் தாண்டும். எண் பெரிதாக இருந்தால் நல்லதுதான். ஆனால் 70-க்கு மேல் உள்ள பத்துப் பேரை ஒரே கோட்டில் நிறுத்தினால், யார் முதலில் வருவார் என்பதை அந்த எண் சொல்லாது.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் பௌலா ராட்கிளிஃப். 2003 லண்டன் மாரத்தானில் 2:15:25 ஓடியவர். ஆண்ட்ரூ ஜோன்ஸ் என்ற உடலியலாளர் அவரைப் பதின்ம வயதிலிருந்து பத்து வருடத்துக்கு மேல் லேபில் அளந்துகொண்டே வந்தார். அத்தனை வருடமும் விஓ2 மேக்ஸ் ஏறக்குறைய 70-லேயே நின்றது. மாறியது வேறொன்று. மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் ஓட அவர் உடல் செலவழித்த ஆக்சிஜன் சுமார் 15 விழுக்காடு குறைந்தது. அதே பெட்ரோலுக்குக் கூடுதல் மைலேஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் டேங்க் பெரிதாகவே இல்லை. வருடக்கணக்கான ஓட்டத்தில் வந்தது அந்த மைலேஜ். தம்பிக்கு இன்று பரிசோதனை செய்து 66 என்று வந்தாலும் 71 என்று வந்தாலும் நாளைக் காலைப் பயிற்சியில் எதை மாற்றுவீர்கள்? ஒன்றையும் மாற்ற மாட்டீர்கள். பதில் எதையும் மாற்றாத சோதனைக்கு ஏன் காசு?

1991-ல் மைக்கேல் ஜாய்னர் என்ற அமெரிக்க மருத்துவர் மூன்று விஷயங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டார். டேங்கின் அளவு, மைலேஜ், டேங்கில் எத்தனை விழுக்காட்டை நீண்ட நேரம் தாங்கி ஓட முடியும் என்ற மூன்றாவது ஒன்று. மூன்றும் உச்சத்தில் ஒரே ஆளிடம் இருந்தால் மாரத்தானை 1:57:58-ல் ஓடலாம் என்றது கணக்கு. அன்று அதைப் படித்துச் சிரித்தவர்கள் உண்டு. 2019-ல் வியன்னாவில் கென்யாவின் கிப்சோகே, பதிவுக்குக் கணக்கில் வராத ஏற்பாட்டில்தான் என்றாலும், 1:59:40 ஓடிக் காட்டினார். 2023-ல் சிகாகோவில் கெல்வின் கிப்டம் முறையான பந்தயத்திலேயே 2:00:35.

தம்பி கவனிக்க வேண்டியது அந்த மூன்றாவது விஷயம். லேபில் அதைக் காது மடலில் ஊசி குத்தி, கடும் ஓட்டத்தில் தசை வெளிவிடும் லாக்டேட் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்த்து அளப்பார்கள். படிப்படியாக வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஓர் இடம்வரை லாக்டேட் அடங்கி இருக்கும், பிறகு சட்டென்று ஏறும். அந்த இடத்துக்கு வாசல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நம் கிரவுண்டுகளில் இன்னும் "லாக்டிக் ஆசிட் காலில் கட்டிக்கிச்சு, அதான் மறுநாள் வலி" என்கிறார்கள். அது தவறு. ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் லாக்டேட் பெரும்பாலும் பழைய அளவுக்கு வந்துவிடும். மறுநாள் வலி தசை நாரில் விழும் நுண்ணிய சேதத்தால் வருவது. லாக்டேட் கழிவும் இல்லை. இதயமும் மற்ற தசைகளும் அதை வாங்கி எரிபொருளாக எரிக்கின்றன. ஜார்ஜ் புரூக்ஸ் 1980களிலிருந்து இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், நம் பக்கம் வந்து சேரத்தான் தாமதம்.

லாக்டேட் மீட்டர் வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். வேலூரில் வியர்வை ஒரு சொட்டு அந்த ரத்தத்தில் கலந்தாலே அளவு ஏறிவிடும், வியர்வையிலும் லாக்டேட் இருக்கிறது. காது மடலைத் துடைத்து, உலர்த்தி, முதல் சொட்டை விட்டுவிட்டு இரண்டாம் சொட்டை எடுக்கத் தெரிந்த கை வேண்டும். அதற்குப் பதில் ஸ்டாப்வாட்சால் முடிகிற ஒரு வழி இருக்கிறது.

1965-ல் மோனோ, ஷெரேர் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் தசை உழைப்பைப் பற்றி ஒரு எளிய கணக்கைச் சொன்னார்கள். அதைப் பிறகு ஓட்டத்துக்கும் கொண்டுவந்தார்கள். தம்பி ஒரு நாள் 1200 மீட்டரை முழு முயற்சியில் ஓடட்டும். இரண்டு நாள் கழித்து 3600 மீட்டரை அதேபோல் ஓடட்டும். முதலாவது 3 நிமிடம் 16 வினாடி, அதாவது 196 வினாடி என்று வையுங்கள். இரண்டாவது 11 நிமிடம் 6 வினாடி, 666 வினாடி. தூர வித்தியாசம் 2400 மீட்டர், நேர வித்தியாசம் 470 வினாடி. வகுத்தால் வினாடிக்கு 5.106 மீட்டர். கிலோமீட்டருக்கு 3:16. இதுதான் அவனுடைய எல்லை வேகம். இதற்குக் கீழே ஓடினால் உடல் வரவுக்குள் செலவு செய்கிறது. மேலே ஓடினால் கைமாத்து வாங்கத் தொடங்குகிறது. கைமாத்து எவ்வளவு கிடைக்கும் என்பதும் இதே கணக்கில் வரும். 196 வினாடியை 5.106-ஆல் பெருக்கினால் 1001 மீட்டர், அவன் ஓடியது 1200. ஆக, 199 மீட்டர் கடன். அது தீர்ந்த இடத்தில் கால் கல்லாகிவிடும், எந்தக் கோச் கத்தினாலும் ஓடாது.

இந்த எண்களை நான் வேண்டுமென்றேதான் எடுத்தேன். 5000-லிருந்து 199-ஐக் கழித்து 5.106-ஆல் வகுத்தால் 940 வினாடி. 15:40, உங்கள் தம்பியின் நேரம். அவன் உண்மையான எண்கள் வேறாக இருக்கலாம். 1200-ஐ இன்னும் வேகமாக ஓடி 3600-ல் தொங்கினால், கடன் வாங்கும் திறன் நிறைய, வரவு குறைவு என்று அர்த்தம். அப்படிப்பட்டவனுக்கு இன்னும் இன்னும் 400 மீட்டர் வேக ஓட்டம் கொடுப்பது வீண். ஒரு வருடமாக நேரம் நகரவில்லை என்கிறீர்கள் அல்லவா, என் சந்தேகம் அங்கேதான்.

காரணத்தையும் சொல்கிறேன். நம் மாவட்டத்தில் ஓட்டம் என்றாலே ராணுவத் தேர்வு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்லும் ஊர் இது. 1600 மீட்டரை 5 நிமிடம் 30 வினாடிக்குள் ஓட வேண்டும் என்ற இலக்கை வைத்தே இங்கே பல பிள்ளைகள் ஓடப் பழகுகிறார்கள். பாலாற்று மணலிலும் பைபாஸ் ஓரத்திலும் விடிகாலையில் பாருங்கள், தினமும் முழு வேகம், தினமும் மூச்சு முட்டல், வாந்தி எடுத்தால் "நல்லா ஓடினான்" என்று பாராட்டு. அந்தத் தேர்வுக்கு மூன்று மாதம் அது வேலை செய்துவிடும். அதே கோச் அதே முறையை 5000 மீட்டர்காரனிடம் மூன்று வருடம் நடத்தும்போதுதான் அவன் ஒரே இடத்தில் நிற்கிறான்.

ஸ்டீபன் செய்லர் என்ற அமெரிக்கர் நார்வேயில் இருந்துகொண்டு படகு வலிப்பவர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், சைக்கிள் வீரர்கள், ஓட்டக்காரர்கள் என்று உச்சத்தில் இருப்பவர்களின் பயிற்சிக் குறிப்புகளைப் பார்த்தார். எந்த விளையாட்டாக இருந்தாலும் பத்துப் பயிற்சியில் எட்டு மிக மெதுவாக இருந்தது. இரண்டுதான் கடுமை. மெதுவான ஓட்டம் சோம்பேறித்தனமாகத் தோன்றும், ஆனால் தசைக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுவதும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கூடுவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில் நடக்கிற வேலை. ஜான் ஹாலோசி 1967-லேயே எலிகளை டிரெட்மில்லில் ஓடவிட்டு, தசையின் மைட்டோகாண்ட்ரியா நொதிகள் ஏறக்குறைய இரட்டிப்பாவதைக் காட்டினார். இந்த மாற்றத்துக்கு நேரம் வேண்டும், வாரத்துக்கு வாரம் கிலோமீட்டர் வேண்டும். தினமும் முழு வேகத்தில் ஓடுகிறவனால் அந்தக் கிலோமீட்டரைச் சேர்க்க முடியாது, அடுத்த நாள் கால் ஒத்துழைக்காது.

மெதுவாக என்றால் எவ்வளவு? பக்கத்தில் ஓடுகிறவனோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். தம்பிக்கு அது கிலோமீட்டருக்கு 4:40 பக்கம் வரும், வெயில் ஏறிய நாளில் 5:00-ஐயும் தாண்டும். அவனுக்கு வெட்கமாக இருக்கும், நேரு நகர் அங்கிள் தாண்டிப் போவார். போகட்டும். சொல்லிக்கொடுப்பதில் எனக்கு இன்றுவரை மிகக் கஷ்டமான பாடம் இதுதான். வேகமாக ஓடச் சொன்னால் எல்லாரும் ஓடுகிறார்கள்.

மீதி இரண்டு கடுமையான நாளில் ஒன்றை அந்த எல்லை வேகத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள். அவன் எல்லை 3:16 என்றால், ஆறு முறை 1000 மீட்டர், ஒவ்வொன்றும் 3:22 பக்கம், இடையே ஒரு நிமிடம் ஓய்வு. முடிக்கும்போது "இன்னும் ஒன்று ஓடுவேன்" என்று சொல்கிற நிலையில் இருக்க வேண்டும். நார்வேக்காரர்கள் செய்வதும் அடிப்படையில் இதுதான். மரியுஸ் பாக்கன் என்ற ஓட்டக்காரர், பிறகு மருத்துவரானவர், ஆயிரக்கணக்கான முறை தன் ரத்தத்தைக் குத்திப் பார்த்து, லாக்டேட் ஏறாமல் நிறைய வேலை செய்யும் வழியைக் கண்டார். இங்கெப்ரிக்ட்சன் சகோதரர்கள் அந்தப் பாதையில் வந்தவர்கள், யாக்கோப் 2024 பாரிஸில் 5000 மீட்டர் தங்கம் வாங்கினார். அவர்கள் ஒரே நாளில் காலை, மாலை இரண்டு முறை அப்படி ஓடுவதைப் பார்த்துவிட்டுத் தம்பியும் ஆரம்பிக்க வேண்டாம். அதற்குப் பின்னால் அவர்களுக்குப் பத்து வருட அடித்தளம் இருக்கிறது.

இனி வெயில். இது நார்வேக்காரர்களைவிட நமக்கு நெருக்கமான பாடம். ஓடும்போது உடல் எரிக்கிற சக்தியில் நான்கில் ஒரு பங்குகூட இயக்கமாக மாறுவதில்லை, மீதி எல்லாம் சூடு. அந்தச் சூட்டைத் தோலுக்குக் கொண்டுபோகவும் ரத்தம் வேண்டும், தசைக்கும் ரத்தம் வேண்டும். ஒரே ஏரித் தண்ணீருக்கு இரண்டு மதகு. அதனால்தான் ஏப்ரலில் அதே வேகத்துக்குத் துடிப்பு பத்து, பதினைந்து கூடுகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி சூட்டை எடுத்துப்போகும். சொட்டித் தரையில் விழுந்த வியர்வை எதையும் எடுத்துப்போகாது. வேலூரின் காய்ந்த 38 டிகிரியில் ஆவியாவது நன்றாக நடக்கும், சென்னைக் கடற்கரையின் 33 டிகிரியில் பனியன் பிழியப் பிழிய வழியும், உடல் குளிராது. நம் பிள்ளைகள் சென்னைப் போட்டிக்குப் போய்த் திணறுவதற்கு ஒரு காரணம் இது. அக்னி நட்சத்திரத்தில் ஓடியவனுக்கு சென்னை எம்மாத்திரம் என்று அனுப்பிவைப்போம்.

வெயிலுக்குப் பழகும் உடலில் பத்து முதல் பதினான்கு நாளில் மாற்றம் வரும். ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பு குறையும், துடிப்பு இறங்கும். இந்த நீர்ப்பகுதி கூடுவதைத்தான் குளிர்நாட்டு வீரர்கள் சூடான அறையில் சைக்கிள் மிதித்தும், பயிற்சி முடித்து 40 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் 40 நிமிடம் உட்கார்ந்தும் வாங்குகிறார்கள். நமக்கு அது இலவசம். ஆனால் இலவசம் என்பதற்காகக் கடுமையான ஓட்டத்தை வெயிலில் வைக்கக் கூடாது, வேகம் வராது, காலுக்கும் பாடம் ஏறாது. கடுமையான ஓட்டம் விடிகாலை ஐந்து மணிக்கு. மெதுவான ஓட்டத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்றை மட்டும் சாயங்கால வெக்கையில் வையுங்கள், நாற்பது நிமிடம் போதும்.

ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது. எவ்வளவு குடிக்க வேண்டும் என்பது ஒரு வாரத்தில் நோட்டில் வந்துவிடும். அளவுக்கு மேல் குடிப்பதும் ஆபத்துதான். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் கொடுத்த 488 பேரில் 13 விழுக்காட்டினருக்கு சோடியம் குறைந்திருந்தது. நிறையக் குடித்து, எடை கூடி ஓட்டத்தை முடித்தவர்களுக்கே அது அதிகம் வந்தது. வெக்கையையும் லேசாக எண்ண வேண்டாம். 2019-ல் தோஹா உலகப் போட்டியில் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் தொடங்கியும், 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. அவர்கள் உலகத் தரம், பக்கத்திலேயே டாக்டர்கள் இருந்தார்கள்.

அதனால் இதை மட்டும் கிரவுண்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். வெயிலில் ஓடியவன் உளறினால், தள்ளாடினால், பெயர் கேட்டால் தெரியாமல் விழித்தால், அது வெறும் மயக்கம் என்று நினைக்காதீர்கள். உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். ஆம்புலன்ஸுக்கு ஒருவர் போன் செய்யும்போதே மற்றவர்கள் அவனைத் தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை இறக்கி, தலையைத் தாங்கிப் பிடித்து, ஐஸ் கொட்டுங்கள். தொட்டி இல்லையென்றால் குடம் குடமாக ஊற்றுங்கள். முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் வண்டியில் ஏற்ற வேண்டும். முதல் அரை மணி நேரம்தான் உயிர்.

ரத்தப் பரிசோதனை என்று முதலிலேயே சொன்னேனே, அது எனக்குச் சுட்டுக்கொண்ட இடம். சில வருடங்களுக்கு முன் ஒடுகத்தூர் பக்கத்துப் பெண் ஒருத்தி 3000 மீட்டர் ஓடிக்கொண்டிருந்தாள். நேரம் மாதாமாதம் மோசமானது. நான் "மனசு வைக்கல" என்றேன். பயிற்சியைக் கூட்டினேன். வீட்டுக்குப் போனால் பாட்டி, "இன்னாத்துக்கு இந்தப் பொண்ணு இப்டி வெளுத்துக்கீது" என்று கேட்டதாக அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். நான் படித்தவன், பாட்டி படிக்காதவர். ஆறு மாதம் கழித்துத்தான் பரிசோதனைக்கு அனுப்பினேன். ஹீமோகுளோபின் 10.9, ஃபெரிட்டின் 7. ஃபெரிட்டின் என்பது உடலின் இரும்புச் சேமிப்பு. 30-க்குக் கீழே போனாலே ஓட்டக்காரர்களுக்கு மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறோம். டாக்டர் மாத்திரை கொடுத்தார், நான்கு மாதத்தில் அவள் பழைய நேரத்துக்கு வந்தாள். அந்த ஆறு மாதத்தை நான்தான் அவளிடமிருந்து எடுத்தேன்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ஆண்களுக்கு வராது என்று இல்லை. ஓட்டக்காரர்களுக்கு வியர்வையில், குடலில், பாதம் தரையில் அடிக்கும்போது உடையும் சிவப்பணுக்களில் என்று இரும்பு போய்க்கொண்டே இருக்கிறது. ஹீமோகுளோபின் மட்டும் பார்த்து சரி என்று வந்துவிடாதீர்கள், சேமிப்பு காலியாகும் வரை அது இறங்காது. ஃபெரிட்டினைக் கேட்டு வாங்குங்கள். காய்ச்சல், சளி இருக்கும்போது பார்த்தால் பொய்யாகக் கூடிக் காட்டும். ஊசி, மாத்திரையை நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம், அதிக இரும்பும் கெடுதல். இன்னொன்று, ஓடி முடித்த மூன்று முதல் ஆறு மணி நேரத்தில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, குடல் இரும்பை வாங்குவதைத் தடுக்கும். காலை ஓட்டம் முடிந்த அரை மணிக்குள் சாப்பிட்டால் அதற்கு முந்திக்கொள்ளலாம். நம் பிள்ளைகள் அந்த அரை மணியில் எங்கே இருக்கிறார்கள்? டீக்கடையில். டீ சாப்பாட்டு இரும்பைக் கட்டிப்போடும். டீயை ஒன்றரை மணி நேரம் தள்ளிவைத்து, அந்த இடத்தில் எலுமிச்சம்பழச் சாறோ நெல்லிக்காயோ வையுங்கள்.

சாப்பாட்டில் நம் வீட்டுக்குக் குறை ஒன்றுமில்லை, அளவில்தான் குறை. 55 கிலோ பையன் கடுமையாகப் பயிற்சி செய்யும் நாட்களில் கிலோவுக்கு 8 கிராம் வீதம் 440 கிராம் மாவுச்சத்து வேண்டும். நூறு கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் இருக்கிறது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கேழ்வரகுக் களி எலும்புக்கும் நல்லது, நூறு கிராம் கேழ்வரகில் 340 மி.கி.க்கு மேல் கால்சியம். மணிலாக் கொட்டையும் முட்டையும் சேர்ந்தால் புரதம் வந்துவிடும், டப்பா பவுடர் தேவையில்லை. அந்த டப்பாக்களில் எழுதாத பொருள் கலந்திருந்தால் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டுவது தம்பிதான், கடைக்காரர் இல்லை. போட்டிக்கு முந்தின நாள் களி வேண்டாம், நார் வயிற்றைக் கலக்கும். ஆம்பூர் பிரியாணி போட்டி முடிந்த அன்று.

"எளச்சாத்தான் ஓட முடியும்" என்ற பேச்சை வீட்டில் நுழையவிடாதீர்கள். போதாமல் சாப்பிட்டு ஓடினால் உடல் எலும்பிலும் ஹார்மோனிலும் கைவைக்கும். பெண்களுக்கு மூன்று மாதம் மாதவிடாய் நின்றால் அது "நல்லாப் பயிற்சி செய்கிறாள்" என்பதற்கு அடையாளம் இல்லை, டாக்டரிடம் போக வேண்டிய அடையாளம். ஆண்களுக்கு அந்த மணி அடிப்பதில்லை. திரும்பத் திரும்ப முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி வந்த பையன்களில் பலர் வெறும் வயிற்றில் ஓடி, பன்னும் டீயுமாக மத்தியானம்வரை இருந்தவர்கள்.

ஊட்டி விஷயம். உயரத்தில் ஆக்சிஜன் அழுத்தம் குறைவு. சிறுநீரகம் அதை உணர்ந்து எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும், சிவப்பணு கூடும். இதற்கு 2000 மீட்டருக்கு மேல் மூன்று நான்கு வாரமாவது தங்க வேண்டும். ஊட்டி 2240 மீட்டர், உயரம் போதும். ஆனால் அங்கே வேகமாக ஓட முடியாது. லெவின், ஸ்ட்ரே-குண்டர்சன் 1997-ல் காட்டியது என்னவென்றால் மேலே தங்கிக் கீழே இறங்கி வேக ஓட்டம் ஓடியவர்களுக்குத்தான் 5000 மீட்டர் நேரம் குறைந்தது. ஊட்டியிலிருந்து தினம் யார் இறங்குவது? இரும்புச் சேமிப்பு இல்லாமல் போனால் சிவப்பணு கட்ட சரக்கே இருக்காது, ஹோட்டல் பில்தான் மிச்சம். "பக்கத்தில் ஏலகிரி இருக்கே" என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். ஏலகிரி 1100 மீட்டர் சொச்சம். பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறினாலும் ரத்தத்துக்கு ஒன்றும் நடக்காது. மே மாதம் பத்து நாள் குளிர்ச்சியாகத் தூங்கி ஓட நல்ல இடம், அந்த லாபத்துக்காகப் போகலாம்.

கார்பன் ஷூ, ஓடுவதற்கு உடல் செலவழிக்கும் சக்தியைச் சராசரியாக 4 விழுக்காடு குறைத்ததாக 2018-ல் ஆய்வு வந்தது, பொய் இல்லை. ஆனால் அது சாலைக்கு. சாலையில் அடிப்பகுதியின் தடிமன் 40 மி.மீ. வரை அனுமதி. டிராக்கில் 2024 நவம்பரிலிருந்து 20 மி.மீ.தான். தம்பி ஓடுவது டிராக்கில் 5000. நீங்கள் பார்த்துவைத்த ஷூவைப் போட்டு ஓடினால் நேரம் செல்லாது. ஷிவ்நாத் சிங் 1978-ல் ஜலந்தரில் ஓடிய 2:12:00 நாற்பது வருடத்துக்கு மேல் இந்திய மாரத்தான் பதிவாக நின்றது. அவர் வெறுங்காலோடு ஓடுவதற்குப் பேர்போனவர், 1976 ஒலிம்பிக்கில் பதினோராவதாக வந்தவர். வெறுங்காலோடு ஓடச் சொல்லவில்லை, சும்மா நினைவுக்கு வந்தது.

வாட்ச் பிறகு வாங்கலாம். மணிக்கட்டில் துடிப்பு பார்ப்பது வியர்வையிலும் வேக ஓட்டத்திலும் தப்பும். அது காட்டும் விஓ2 மேக்ஸ் வேகத்தையும் துடிப்பையும் வைத்துப் போடும் ஊகம். வெயிலில் துடிப்பு ஏறினால் "உடல் தகுதி குறைகிறது" என்று பயமுறுத்தும். 220-லிருந்து வயதைக் கழிக்கும் கணக்கும் ஆளுக்கு ஆள் பத்து, பன்னிரண்டு துடிப்பு பிசகும்.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பளு. பின்லாந்தில் 1999-ல் பாவோலைனென் குழு, ஏற்கெனவே நன்றாக ஓடுகிறவர்களின் ஓட்ட நேரத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுத் தாவல், வெடிப்பு வேகப் பளு கொடுத்தது. ஒன்பது வாரத்தில் 5 கி.மீ. நேரம் குறைந்தது, விஓ2 மேக்ஸ் கூடவில்லை. மறுபடியும் மைலேஜ். இதற்கு வேலூரைவிட நல்ல ஊர் கிடைக்காது. 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் தூக்கிய சதீஷ் சிவலிங்கம் சத்துவாச்சாரிக்காரர். பளு தூக்கத் தெரிந்த கோச்சுகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு, ஓட்டக்காரர்கள்தான் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. வாரம் இரண்டு நாள், குறைந்த முறை, நல்ல எடை, முறையான நிலை. உடம்பு பருத்துவிடும் என்ற பயம் வேண்டாம், அவன் ஓடுகிற கிலோமீட்டருக்குப் பருக்காது.

அவன் எங்கே நிற்கிறான் என்பதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்திய வீரர் குல்வீர் சிங் 2025 பிப்ரவரியில் பாஸ்டனில் 5000 மீட்டரை 12:59.77-ல் ஓடினார். தம்பிக்கும் அவருக்கும் இரண்டு நிமிடம் நாற்பது வினாடி தூரம். அதை ஒரு வருடத்தில் யாரும் தாண்ட மாட்டார்கள். ஆனால் தடைகளைத் தாண்டி ஓடும் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் 8:09.91 ஓடிய அவினாஷ் சாப்ளே, பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ராணுவத்தில் சேர்ந்து, சியாச்சினில் எல்லாம் பணி செய்த பிறகுதான் 2015-ல் தடகளத்துக்கு வந்தார். 19 வயது தாமதம் இல்லை.

ஆக, இப்போதைக்கு ஃபெரிட்டின், ஹீமோகுளோபின், நோட்டு, எடை பார்க்கும் மெஷின், ஒரு நல்ல பயிற்சி ஷூ, பளுக் கூடத்துக்கு மாதக் கட்டணம், முட்டைக்கும் மணிலாவுக்கும் காசு. மீதியை வங்கியில் போடுங்கள். 14:45 பக்கம் வரும்போது போரூரில் ஸ்ரீராமச்சந்திராவின் ஸ்போர்ட்ஸ் சயின்ஸ் மையம் இருக்கிறது, அன்று லேபில் கேட்க அவனிடம் நல்ல கேள்விகளும் இருக்கும்.

1200, 3600 சோதனையை ஒரே டிராக்கில், ஒரே நேரத்தில், காற்று இல்லாத காலையில் வையுங்கள். முந்தின நாள் மெதுவான ஓட்டம் மட்டும். இரண்டு நேரங்களையும், ஃபெரிட்டின் முடிவையும், அவன் தூங்கும் மணி நேரத்தையும் எழுதி அனுப்புங்கள். வாரத் திட்டத்தை அதை வைத்துத்தான் போட முடியும்.